கால்பந்து வாத்தியார் ரஹீம்

மண்டபம் கடற்கரை மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து உதைப்பார்கள். ஒரு காலத்தில் இந்திய அணியே அப்படித்தான் ஆடியது. அதை ஐரோப்பிய அணிகளோடு மல்லுக்கு நிற்கச் செய்தவர் சையது அப்துல் ரஹீம்.

1909-ல் பிறந்தவர். ஐதராபாத்துக்காரர். பள்ளிக்கூட ஆசிரியர். இவரிடம் பயிற்சி பெற்ற ஐதராபாத் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை 5 முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. குளிர் தேசம்; நம்மவர் பலர் காலில் பூட்ஸ் இல்லை. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று.

நழுவிய வெண்கலம்

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா அரை இறுதிக்குப் போனது. ஆசிய நாடு ஒன்று அந்தப் படி ஏறியது அதுவே முதல் தடவை. அங்கும் யூகோஸ்லாவியா! முதல் கோல் நம்முடையது. வெற்றியோ 4-1 என்று அவர்களுடையது.

மிச்சம் வெண்கலப் பதக்கம். எதிரே பல்கேரியா. அந்நாட்டின் முதல் பிரிவு லீக்கை அந்த ஆண்டும் வென்ற சோபியா ராணுவ அணியின் ஆட்டக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். டிசம்பர் 7-ந் தேதி 3-0 என்று தோற்றோம். 4-வது இடம்.

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் போனார். தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னயில் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். காய்ச்சலில் கிடந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க விட்டார். துணிச்சல்தான்! ஜர்னயில் ஒரு கோல் போட்டார். 2-1 என்று தங்கம் கிடைத்தது.

1963 ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.