கைகளின் அறிவைக் கண்ட அம்மையார்: டாக்டர் மரியா மாண்டிசோரி

தவழ்ந்து எழுந்து நடை பழகும் குழந்தையின் கையில் எதைக் கொடுப்பது? இக்கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். இன்று அவர் பெயர் மிகுந்த கட்டணம் பெறும் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் திகழ்கிறது. ஆனால் அவர்தம் கல்விமுறை உருப்பெற்ற இடம் கூலி மக்களின் குடியிருப்பு. இவ்வுண்மையை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். தாயார் நூல்களில் பெருவிருப்பம் கொண்டவர். படித்த பெண்ணுக்கு ஆசிரியப்பணி ஒன்றே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. மரியாவோ மருத்துவம் பயிலத் துணிந்தார். ஆடவருடன் நின்று பிணத்தை அறுத்துக் கற்றல் பெண்ணுக்குத் தகாது என்றனர். எனவே மற்ற மாணவர் சென்ற பின்னர்த் தனியே நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் சிலருள் ஒருவரானார். ஒதுக்கப்படுதல் இன்னதென்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர்.

மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிடச் சென்றபோது, அறிவு குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை அங்கே கண்டார். வெற்றுச் சுவர்களுக்கிடையே அடைபட்டிருந்த அவர்கள், உணவு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தனராம். காவற்பெண் அதனைப் பேராசை என்று இகழ்ந்தார். அம்மையாரோ, தொட்டுப் பார்க்கவும் பற்றிப் பிடிக்கவும் வேறு பொருளே இல்லாத கைகளின் பசியை அதில் கண்டார். இத்தார், செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்று, கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி தரும் பொருள்களைச் செய்வித்தார். கல்லாதவை என்று கைவிடப்பட்ட குழந்தைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுத் தேர்விலும் தேறினர். உலகம் வியந்தது. அம்மையார் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது. நலமுள்ள பிள்ளைகள் இவர்களை விட மேலோங்காததன் காரணம் யாது?

அதற்கு விடை காணும் வாய்ப்பு ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் கிட்டியது. பெற்றோர் விடியலில் வேலைக்குச் செல்வர். தனித்து விடப்பட்ட சிறுவர் சுவர்களையும் படிகளையும் பாழாக்குவர் என்று கட்டட உரிமையாளர் அஞ்சினர். அப்பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துக் காப்பதற்காக 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் வந்தனர்.

நல்ல பொம்மைகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஆனால் பிள்ளைகள் அவற்றை நாடவில்லை. பத்துக் குழிகள் உள்ள மரக்கட்டையையும், அக்குழிகளில் பொருந்தும் பத்து உருளைகளையுமே நாடினர். ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். தவற்றைப் பொருளே காட்டிவிடும். கடிந்துரைக்க ஆசிரியர் வேண்டா. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வுருளைகளை நாற்பது தடவைக்கு மேல் எடுத்தும் இட்டும் பார்த்தாள். சுற்றிலும் மற்றவர் பாடியும் ஆடியும் அவள் கவனம் சிதறவில்லை. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை படிப்படியாகப் பெரிதாகும் பத்துக் கனசதுரங்களால் பிள்ளைகள் கோபுரம் எழுப்பினர்.

எழுத்துகளை மரத்தில் செய்விக்க வசதி கிட்டவில்லை. ஆகவே அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். விரலால் தடவித் தடவி எழுத்தின் வடிவத்தைக் குழந்தைகள் உணர்ந்தனர். மரத்தினும் தாளே சிறந்ததாயிற்று. சில திங்களில் நான்கு வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர்.

1909இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. முதலில் ஆதரவளித்த முசோலினி ஆட்சியுடன் பின்னர் இணக்கம் முறிந்தது. 1934இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து, இந்தியா முழுவதிலுமிருந்து வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு அவர் மகனைச் சிறைப்படுத்திப் பின்னர் விடுவித்தது. போர் முடியும் வரை அம்மையார் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் தம் பணியைத் தொடர்ந்தார். குழந்தையின் தொடக்க ஆண்டுகளின் ஆற்றலை விளக்கும் அவர் நூல் 1949இல் அடையாற்றில் வெளிவந்தது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

அவர் வாழ்விலிருந்து நாம் கற்பவை எளியவை. விசையைத் திருகினால் தானே ஆடும் பொம்மையைக் குழந்தை வேடிக்கை மட்டுமே பார்க்கும். தானே அடுக்கவும் திறக்கவும் மூடவும் இயலும் பொருளே அதனை வளர்க்கும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மூடியுள்ள டப்பாக்கள், நீரை ஊற்றிப் பழகச் சிறு குவளைகள், இழைத்து வழவழப்பாக்கிய மரக்கட்டைகள் ஆகியவை போதும். ஒரே நேரத்தில் பலவற்றைக் குவித்தல் வேண்டா. சிலவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தல் நன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, விழுங்கத்தக்க சோழி, புளியங்கொட்டை, மணி முதலியவற்றைத் தருதல் கூடாது. நீர் விளையாட்டின்போது பெரியவர் அருகில் இருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! ஏழையின் பிள்ளைக்கு அறிவு பிறப்பிலேயே குறைவு என்று கூறியவர் எந்நாட்டிலும் இருந்தனர். சான் லொரென்சோவின் குழந்தைகள் அக்கூற்றைப் பொய்யாக்கினர். நம் தெருவில் ஓர் அறை, ஒரு பாய், தாழ்வான ஒரு பலகை, அதன்மேல் பத்துப் பொருள்கள், பொறுமையுடன் பார்த்திருக்கும் ஓர் அக்காள் அல்லது அண்ணன். இவை இருந்தால் நம் குழந்தைகள் இல்லத்தையும் நாமே தொடங்கலாம்.