ஆக்னர் கிராருப் எர்லாங்

ஆக்னர் கிராருப் எர்லாங் (ஜனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளரும் பொறியியலாளரும் ஆவார். தொலைபேசி வலையமைப்புகளில் ஏற்படும் இழப்பையும் காத்திருப்பையும் கணித முறையில் ஆராய்ந்த முன்னோடி. வரிசைக் கோட்பாடு என்னும் துறை இவரது ஆய்வுகளிலிருந்தே தொடங்குகிறது. மென்பொருள் துறையினர் பலர் இவரை ஒரு நிரலாக்க மொழியின் பெயராக மட்டுமே அறிவர்.

வாழ்க்கை

யூட்லாந்துப் பகுதியில் லோன்போர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். 14ஆவது அகவையில், வயது போதாமையால் சிறப்பு அனுமதி பெற்றுக் கோபனேகன் பல்கலைக்கழகத்தின் தேர்வொன்றை எழுதிச் சிறப்புடன் தேறினார். 1901 இல் அங்கேயே கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். டேனியக் கணிதக் கழகத்தின் வழியாக, கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் யோகான் யென்சனின் அறிமுகம் கிடைத்தது. யென்சன் சமனின்மைக்கு உரியவர் இவரே. அத்தொடர்பால் 1908 இல் எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்து, இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

தொடக்கத்தில் இவருக்கு உதவியாளர் குழு ஏதும் இல்லை. ஏணி சுமந்த ஒரு தொழிலாளியுடன் தெருத்தெருவாகச் சென்று, நிலத்தடிக் கம்பிவடக் குழிகளில் இறங்கிக் கசிவு மின்னோட்டங்களை அளந்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வறியவர்க்கு மறைவாக உதவியவர் என்பர். வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் தமது 51ஆவது அகவையில் காலமானார்.

இழப்பும் காத்திருப்பும்

தொலைபேசி அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வந்தால் அவை பாய்சான் பரவலைப் பின்பற்றும் என 1909 இல் காட்டினார். 1917 இல் வெளியான கட்டுரையில் இரு வாய்பாடுகளைத் தந்தார். எல்லா இணைப்புகளும் நிரம்பியிருக்கையில் வரும் அழைப்பு கைவிடப்படுமாயின், எத்தனை விழுக்காடு இழக்கப்படும் என்பதை ஒன்று கணிக்கிறது. அழைப்பு கைவிடப்படாமல் வரிசையில் நிறுத்தப்படுமாயின், காத்திருக்க நேரும் வாய்ப்பை மற்றது கணிக்கிறது. நம் ஊர்களில் இரண்டுமே பழக்கமானவை. உத்திரமேரூரிலிருந்து வெளியூருக்கு டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தது இரண்டாம் வகை. பின்னாளில், எல்லாத் தடங்களும் பயன்பாட்டில் உள்ளன என்ற பதிவுக் குரலைக் கேட்டு ஒலிவாங்கியை வைத்தது முதல் வகை.

ஒரு மணி நேரத்தில் மும்மூன்று நிமிடங்களாக 20 அழைப்புகள் நிகழ்ந்தால் அது 1 எர்லாங். 5 எர்லாங் போக்குவரத்தில் இழப்பை 1 விழுக்காட்டுக்குள் வைக்க 11 இணைப்புகள் வேண்டும். போக்குவரத்து 10 எர்லாங் ஆனாலோ 22 தேவையில்லை, 18 போதும். பெரிய இணைப்பகங்கள் சிக்கனமானவை என்பதற்கு இதுவே காரணம். இவ்வலகிற்கு இவரது பெயர் 1946 இல் சூட்டப்பட்டது. எரிக்சன் நிறுவனத்தில் 1986 இல் உருவான எர்லாங் மொழியும் இவர் பெயரையே தாங்குகிறது.

ஈத்தர்நெட் வலையமைப்புகளில்

எர்லாங்கின் முடிவுகள் மனிதர் பேசும் அழைப்புகளுக்குப் பொருந்தின. கணினிகள் அனுப்பும் சட்டகங்கள் அவ்வாறு சீராக வருவதில்லை. ஈத்தர்நெட் போக்குவரத்து கொத்துக் கொத்தாக வருவதையும், நேர அளவை விரித்துப் பார்த்தாலும் அக்கொத்துகள் கரையாமல் நிற்பதையும் பெல்கோர் ஆய்வாளர்கள் 1993 இல் வெளியிட்டனர். பாய்சான் கணக்கை மட்டும் நம்பி வடிவமைத்தால் இழப்பு எதிர்பார்ப்பை மிஞ்சிவிடும் என்பது இதன் பொருள்.

எனவே முன்கூட்டிய கணிப்போடு இடைவிடாத அளவீடும் தேவையாயிற்று. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வெளியிட்ட வை.1731 பரிந்துரை, வலையமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே இவற்றை அளக்க வழிசெய்கிறது. இரு முனைகளும் தத்தம் சட்டக எண்ணிக்கைகளைப் பரிமாறிக்கொள்ள, அனுப்பியதற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாடு இழப்பாகும். நேர முத்திரையிட்ட சட்டகம் போய்த் திரும்பும் காலத்திலிருந்து தாமதம் பெறப்படுகிறது.