இராபர்ட் பேக்வெல்

ஒரு தாய் ஒரே ஈற்றில் ஈன்ற பத்துப் பன்றிக்குட்டிகளுள் ஒன்று விரைந்து பருக்கின்றது. மற்றொன்று அதே தீனியைத் தின்றும் மெலிந்தே நிற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கண்டு வியந்தோர் பலர். அதனைப் பயன்படுத்த முனைந்தோர் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவராகிய இராபர்ட் பேக்வெல் என்னும் ஆங்கில உழவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1725-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரைச் சார்ந்த டிஷ்லியிற் பிறந்தார். இளமையிலேயே பல ஊர்களுக்கும் சென்று பிறர்தம் பண்ணைமுறைகளைக் கண்டறிந்தார். 1760-இல் தந்தையார் காலஞ்செல்ல, ஏறத்தாழ 440 ஏக்கர் குத்தகை நிலம் இவர் பொறுப்பில் வந்தது.

அக்காலத்தே ஆணும் பெண்ணும் மந்தையிற் கலந்து திரிந்தமையால், பிறந்த குட்டிக்குத் தந்தை யாதென்று அறிதல் அரிதாயிருந்தது. பேக்வெல் அவற்றைப் பிரித்து வைத்து, தாம் விரும்பிய இயல்புடையவற்றையே தெரிந்து இணைத்தார். நெருங்கிய உறவுடையவற்றை இணைக்கவும் அஞ்சினாரல்லர். ஆடு, மாடு, பன்றி ஆகிய அனைத்திலும் விரைந்த வளர்ச்சியையும், சிறுத்த எலும்பையும், மிகுந்த ஊனையுமே நாடினார். தம் கடாக்களைப் பருவந்தோறும் வாடகைக்கு விட்டு, பிறர் மந்தைகளில் அவற்றின் குட்டிகள் வளருந் திறங்கண்டு தந்தையின் தகுதியைத் துணிந்தார். தொடக்கத்திற் சில ஷில்லிங்கே பெற்ற அவ்வாடகை, பின்னர் நூற்றுக்கணக்கான கினிகளாக உயர்ந்தது. இடையிற் கடனால் நொடிந்தபோதும் அவர் தம் முயற்சியைக் கைவிட்டாரல்லர்.

ஆயினும் இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அவருடைய புதிய லெஸ்டர் ஆடுகள் விரைவிற் கொழுத்தன, ஈற்றுவளமோ குன்றியது. நீள்கொம்பு மாடுகள் ஊன் மிகுந்தன, பால் குறைந்தன. ஒன்றையே நோக்கித் தெரிவார் மற்றொன்றை இழத்தலும் உண்டு என்பதை அம்மந்தைகளே உணர்த்தின.

பேக்வெல் 1795-இல் மறைந்தார். மெண்டல் மரபுவிதிகளை வெளியிட்டதோ 1866-இல். வளர்ச்சி என்பது ஒரு மரபணுவின் செயலன்று. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தும், தீனியும் பேணலும் துணைநின்றும் அமைவது என்று பின்வந்தோர் தெளிந்தனர். பன்றியின் தசைவளர்ச்சியை மிகுவிக்கும் ஒரு மரபணு மாற்றம், தந்தைவழி வந்தபோதே பயன் தருமென்பது 2003-இல் புலனாயிற்று. தந்தையைக் குட்டிகளைக்கொண்டு அளந்த டிஷ்லி உழவரை அப்போது நினைந்தோர் வியந்திருப்பர்.

காரணம் விளங்குமுன்னரே கண்ணுங் கருத்துமாய் நோக்கிப் பயன் கண்டவர் அவர். மாணவ நண்பர்களே, பொறுமையுடன் நோக்குதலும், நோக்கியதை ஒப்பிட்டுத் தேர்தலும், பெற்றதோடு இழந்ததையும் எண்ணிப் பார்த்தலும் அவர் வாழ்வினின்று நாம் கற்கத்தக்கனவாம்.