காது கேட்காத இதய டாக்டர்... 'நீலக் குழந்தைகளை' மீட்ட ஹெலன் டௌசிக் யார்?

பிறந்த குழந்தையின் உதடும் நகமும் நீலமாக இருந்தால் என்ன அர்த்தம்? உடம்புக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். இதயக் குறைபாட்டால் இப்படி நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944 வரை டாக்டர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அதை மாற்றியவர்களில் ஒருவர் அமெரிக்க டாக்டர் ஹெலன் டௌசிக்.

தடை மேல் தடை

1898-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். 11 வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். டிஸ்லெக்சியாவால் படிக்கவே சிரமம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோ அப்போது பெண்களுக்குப் பட்டமே தராது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1927-ல் டாக்டர் ஆனார். 1930-ல் அங்கேயே குழந்தைகள் இதய கிளினிக்கின் பொறுப்பு கிடைத்தது. ஆனா, காது கேட்பது குறைந்துகொண்டே போனது. இதய டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப்தானே எல்லாம்? டௌசிக் அசரவில்லை. குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்தே துடிப்பை அறியப் பழகிக்கொண்டார்.

என்ன கண்டுபிடித்தார்?

நீலக் குழந்தைகள் பலருக்கு, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை சுருங்கியிருக்கும். கருவில் நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. பிறந்தபிறகு அது தானாக மூடிவிடும். அது திறந்திருக்கும்வரை இந்தக் குழந்தைகள் தாக்குப்பிடிப்பதையும், மூடியதும் நிலைமை மோசமாவதையும் டௌசிக் கவனித்தார். அப்படின்னா, ஆபரேஷன் செய்து அதேபோல ஒரு பாதையை உண்டாக்கினால்?

பாஸ்டன் சர்ஜன் ராபர்ட் கிராஸிடம் கேட்டார். அவர் ஆர்வம் காட்டவில்லை. 1941-ல் ஹாப்கின்ஸுக்கு வந்த சர்ஜன் ஆல்ஃபிரட் பிளாலாக் ஒப்புக்கொண்டார்.

விடுபட்ட மூன்றாவது பெயர்

கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை நாய்களிடம் செய்துபார்த்து உருவாக்கியவர், பிளாலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பினத்தவர். பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர்!

1944 நவம்பர் 29. 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். பின்னால் நின்று வழிகாட்டினார் தாமஸ். குழந்தை தேறியது, ஆனா சில மாதங்களில் இறந்துவிட்டது. மூன்றாவதாக ஆபரேஷன் செய்த சிறுவனுக்கோ மேசையிலேயே உதடு சிவந்தது. உலகம் முழுக்கப் பெற்றோர்கள் பால்டிமோரை நோக்கி வரத் தொடங்கினார்கள். 1945-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிளாலாக், டௌசிக் பெயர்கள் மட்டும்தான். தாமஸ் பெயர் இல்லை.

1965-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார் டௌசிக். 1986-ல் கார் விபத்தில் இறந்தார். அந்த ஆபரேஷனின் மாற்றியமைத்த வடிவம் இன்றும் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இப்போது பலரும் அதை பிளாலாக்–டௌசிக்–தாமஸ் என்று மூன்று பேரையும் சேர்த்தே அழைக்கிறார்கள்.