ஆணையும் அறமும்

அயல்நாட்டுத் தலைநகரில் ஒரு நாட்டின் சார்பாக விளங்குபவர் தூதர். பிற பெருநகரங்களில் அமர்ந்து, தம் நாட்டு மக்களின் நலம் பேணி, தம் நாட்டிற்குச் செல்ல விழைவோர்க்கு நுழைவு அனுமதி வழங்குபவர் கான்சல் ஜெனரல். அப்பதவியில் இருந்து ஆயிரக்கணக்கானோர் உயிரைக் காத்த பெருந்தகை அரிஸ்டிடஸ் டி சோசா மெண்டிஸ் ஆவார்.

இவர் 1885-ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டில் கபானாஸ் டி விரியாட்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். கோயம்பிரா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, அயலுறவுப் பணியில் சேர்ந்தார். சான்சிபார், பிரேசில், ஆண்ட்வெர்ப் முதலிய இடங்களில் பணியாற்றிய பின், 1938-இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்கு மாற்றப்பெற்றார். இவர் மக்கள் பதினால்வரைப் பெற்ற பெருங்குடும்பத்தர்.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர்ச்சுகலை ஆண்ட சலசார் நடுநிலை வகித்தார். தம் நாட்டினின்று துரத்தப்பட்ட யூதர்களுக்கும், நாடற்றோர்க்கும் தலைநகர் லிஸ்பனின் முன் இசைவின்றி அனுமதி வழங்கலாகாது என்று அவர் அரசு அவ்வாண்டு நவம்பரில் ஆணையிட்டது.

1940 ஜூனில் செருமானியப் படை பாரிசைக் கைப்பற்றியது. அகதிகள் வெள்ளமெனப் போர்தோவிற் புகுந்தனர். ஸ்பெயின் வழியே போர்ச்சுகலை அடைந்தால் கப்பலேறி உயிர் பிழைக்கலாம். அதற்கு மெண்டிசின் கையொப்பம் வேண்டும். அவர் வீட்டு வாயிலிலும் படிக்கட்டிலும் மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தனர்.

குரூகர் என்னும் யூத சமய குருவிற்கும் அவர் குடும்பத்தாருக்கும் மட்டும் அனுமதி தர மெண்டிஸ் முன்வந்தார். வெளியே வாடி நிற்போரைக் கைவிட்டுத் தாம் மட்டும் பிழைக்கக் குரு உடன்படவில்லை. மெண்டிசின் உள்ளம் கலங்கியது. ஆணையை மீறினால் பதவி போகும்; குடும்பம் வாடும். மீறாவிடின் வாயிலில் நிற்போரின் கதி என்னாகும்? மூன்று நாள் அவர் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். ஜூன் 17-இல் எழுந்தார்; இனம், சமயம், நாடு என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் அனுமதி வழங்கத் துணிந்தார். கட்டணமும் பெறாது, ஓய்வின்றிக் கையொப்பமிட்டார். பின்னர் எல்லைப்புறத்துப் பயோன் நகருக்கும் சென்று அப்பணியைத் தொடர்ந்தார்.

அரசு அவரைத் திருப்பி அழைத்து, விசாரணை நடத்திப் பணியினின்று நீக்கியது. வறுமை சூழ்ந்தது. ஒரு காலத்தில் பலரை விருந்தோம்பிய அவர், லிஸ்பனில் யூதர்கள் நடத்திய உணவுச்சாலையில் உண்ணும் நிலையை அடைந்தார். 1954-இல் அவர் உயிர் நீத்தார்.

1966-இல் இஸ்ரேல் நாடு அவரைச் சான்றோராகப் போற்றியது. 1988-இல் போர்ச்சுகல் நாடாளுமன்றம் அவர்மீதிருந்த பழியைத் துடைத்தது. 2021-இல் தேசிய நினைவாலயத்தில் அவர் பெயர் பொறிக்கப்பெற்றது. அவர் பதவியை இழந்தார், அறத்தை இழக்கவில்லை.