பைத்தியத்துக்குக் கொடுத்த வேர்... மனச்சோர்வின் ரகசியத்தைச் சொன்னது எப்படி? யார் இந்த ஹக்கீம் அஜ்மல் கான்?

சீன மூலிகை மூளைக்குள் போய் மனச்சோர்வைக் குறைக்கும் என்று மொபைலில் அடிக்கடி தகவல் சுற்றி வரும். அறந்தாங்கி மாதிரி ஊர்களில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், மனசு சரியில்லை, ஏதாவது வேர் இருக்கா என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு நம்ம நாட்டிலேயே ஒரு பழைய பதில் இருக்கு. அதன் தொடக்கத்தில் நிற்பவர் டெல்லி வைத்தியர் ஒருவர்.

யார் இவர்?

ஹக்கீம் அஜ்மல் கான், 1868-ல் டெல்லியில் யுனானி வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலேய அரசு கொடுத்த பட்டத்தை ஒத்துழையாமை இயக்க நேரத்தில் உதறியவர். 1921 அகமதாபாத் காங்கிரசுக்குத் தேர்வான தலைவர் சி.ஆர்.தாஸ் சிறையில் இருந்ததால், மாநாட்டுக்குத் தலைமை வகித்தது இவர்தான். ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தரும் இவரே.

ஆனால் அரசியலை விட முக்கியமானது, நாட்டு வைத்தியத்தை ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கணும் என்ற அவரது பிடிவாதம். பரம்பரை வைத்தியர் ஒருவர் அந்தக் காலத்தில் இப்படி நினைத்ததே பெரிய விஷயம். டெல்லியில் திப்பியா கல்லூரியை வளர்த்தார். 1921-ல் அதைக் காந்தி திறந்து வைத்தார். ஜெர்மனியில் வேதியியல் படித்த சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற இளைஞருக்குப் பண உதவியும் செய்தார். 1927 டிசம்பரில் அஜ்மல் கான் காலமானார். பலனை அவர் பார்க்கவில்லை.

சர்ப்பகந்தா செய்த வேலை

பைத்தியம், தூக்கமின்மைக்கு வைத்தியர்கள் கொடுத்து வந்த வேர் சர்ப்பகந்தா. அதிலிருந்து 1931-ல் சித்திகி ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, தன்னை ஆதரித்தவர் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறிய அது இன்றும் பயன்படுது.

1952-ல் சுவிஸ் விஞ்ஞானிகள் அதே வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தார்கள். ரத்தக் கொதிப்பு இறங்கியது, மனநோயாளிகள் அமைதியானார்கள். இங்கதான் திருப்பம். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

காரணம் என்ன? மூளை நரம்புகள் செரடோனின், டோபமைன் போன்றவற்றைச் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைக்கும். ரெசர்பைன் அந்தச் சேமிப்பைத் தடுத்துவிடும். கையிருப்பு காலி. இந்த வேதிப்பொருட்கள் குறைவதுதான் மனச்சோர்வோ என்ற கருத்து 1950, 60-களில் வலுவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கருத்து மனச்சோர்வு மருந்து ஆராய்ச்சியையே பல ஆண்டுகள் வழிநடத்தியது. ரெசர்பைனுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு நினைத்த அளவு உறுதியில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை.

அப்போ மூலிகை சாப்பிடலாமா?

சீன மருத்துவத்தில் மனச்சோர்வுக்குத் தரும் சியாவ்யாவ் சான் என்ற கலவை பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. அதில் பெரும் பகுதி எலிகளிடம் நடந்தவை. மூலிகை மூளைக்குள் வேலை செய்யும் என்பது உண்மை. எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். சர்ப்பகந்தா கலந்த பொடியை மனச்சோர்வு உள்ளவர் தானாகச் சாப்பிடுவது ஆபத்து. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்திவிட்டு வேருக்கு மாறவும் கூடாது. யோசனை வேண்டுமென்றால் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.