ஆல்பிரட் வெர்னர்

நம் இரு கைகளும் உருவில் ஒத்தவை. விரல்களின் எண்ணிக்கையிலும் அளவிலும் வேறுபாடு இல்லாதவை. ஆயினும், உள்ளங்கைகள் இரண்டும் கீழ்நோக்கியிருக்க ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், பெருவிரல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். இடக்கைக்குத் தைத்த உறை வலக்கைக்குப் பொருந்தாது. ஒரு கை மற்றொரு கையின் ஆடி உருவம் போன்றது.

கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகளிலும் இத்தகைய இடவல வேறுபாடு உண்டு. பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், 1848-ஆம் ஆண்டில் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்றை ஆராய்ந்து, அதன் படிகங்களை இடம் வேறு, வலம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். கார்பன் அணுவைச் சூழ்ந்து நான்கு திசைகளில் பிற அணுக்கள் நிற்பதே இதற்குக் காரணம் என்று 1874-இல் வாண்ட் ஹாப், லெ பெல் என்னும் இருவர் தனித்தனியே விளக்கினர். அதன் பின்னர் நெடுங்காலம்வரை, இடவலமாகப் பிரிக்கப்பட்ட மூலக்கூறுகள் யாவும் கார்பன் உடையனவாகவே இருந்தன. ஆதலின், இத்தன்மையைக் கார்பனோடு பிரிக்கவொண்ணாததாகப் பலர் கருதினர். உலோக அணுவும் இடவல அமைப்புக்கு நடுவாக விளங்கும் என்பதைக் காட்டி அக்கருத்தை மாற்றியவர் ஆல்பிரட் வெர்னர்.

வெர்னர் 1866-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், அல்சேசு மாநிலத்தின் முல்கவுசு நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இரும்பு வேலை செய்து வாழ்ந்தவர். 1871-இல் நிகழ்ந்த போர் முடிவில் அல்சேசு செருமனியின் ஆட்சிக்குட்பட்டது. எனினும், வெர்னரின் இல்லத்தில் பிரெஞ்சு மொழியே வழங்கிற்று. இளமையிலேயே வேதியியலில் வேட்கை மிக்க அவர், வீட்டின் பின்புறத்துக் களஞ்சியக் கொட்டிலில் சிறியதோர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். படைப்பணியை முடித்தபின், 1886-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரை அடைந்து, அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். ஆர்தர் ஆன்ச் என்னும் ஆசிரியரின்கீழ் ஆராய்ந்து, நைட்ரஜன் சேர்மங்களின் அணுக்கள் வெளியில் அமைந்து நிற்கும் முறையை விளக்கி, 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்து வேதியியலாரை மயக்கிய புதிர் ஒன்று இருந்தது. மூன்று குளோரின் அணுக்களையுடைய கோபால்ட் குளோரைடு, அம்மோனியாவோடு சேர்ந்து பல நிறச் சேர்மங்களைத் தரும். ஆறு அம்மோனியா சேர்ந்தது மஞ்சள் நிறம். ஐந்து சேர்ந்தது செந்நீல நிறம். நான்கு சேர்ந்தவற்றுள் ஒன்று பச்சை நிறம். இவற்றின் கரைசல்களில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால், முதலாவதில் மூன்று குளோரின்களும் வீழ்படிவாக இறங்கும். இரண்டாவதில் இரண்டே இறங்கும். மூன்றாவதில் ஒன்றே இறங்கும். மற்றவை ஏன் இறங்கவில்லை? கோபன்கேகன் நகரப் பேராசிரியர் யோர்கென்சன் இச்சேர்மங்களைப் பல்லாண்டுகள் அரிதின் முயன்று ஆராய்ந்தவர். அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்து நிற்கின்றன என்பது அவர் கொள்கை.

ஓரிரவு இரண்டு மணிக்கு உறக்கம் கலைந்து எழுந்த வெர்னர், புதிருக்கு விடை தம் உள்ளத்தில் தோன்றக் கண்டு, மறுநாள் பிற்பகல் ஐந்து மணிவரை ஓயாது எழுதி முடித்தார் என்பர். 1893-இல் வெளிவந்த அக்கட்டுரையின் சாரம் இது: கோபால்ட் அணு நடுவில் நிற்க, அதனைச் சூழ்ந்து மேலும் கீழும் நாற்புறமுமாக ஆறு இடங்கள் உள்ளன. இவ்வமைப்பு எட்டு முகங்களும் ஆறு மூலைகளும் கொண்ட எண்முகி வடிவினது. அவ்வாறு இடங்களில் அமர்ந்த குளோரின் எளிதில் விலகாது. புறத்தே நிற்கும் குளோரினே வெள்ளியோடு சேர்ந்து வீழ்படியும்.

கருத்து அழகியதே, ஆனால் சான்று போதவில்லை. வெர்னர் எடுத்தாண்ட சோதனைகளுட் பல யோர்கென்சன் செய்தவை. யோர்கென்சனும் புதுக்கொள்கையை எளிதில் ஏற்கவில்லை. நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் ஆறு இடங்களில் அமர்ந்தால், குளோரின்கள் அருகருகே நிற்கும் வடிவம் ஒன்றும், எதிரெதிரே நிற்கும் வடிவம் ஒன்றும் இருத்தல் வேண்டுமன்றோ? பச்சை நிறமுடையது மட்டுமே கிடைத்திருந்தது. அதே ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற வெர்னர், விளக்கின்றிப் பணிபுரிய இயலாத நிலவறைகளில் மாணவர்களோடு அயராது உழைத்தார். பதினான்கு ஆண்டுகள் சென்றபின், 1907-இல் ஊதா நிறமுடைய மற்றொரு வடிவத்தைப் பிரித்தெடுத்தார். யோர்கென்சன் உண்மையைக் கண்டதும் தம் கொள்கையைக் கைவிட்டார். வென்றவரைப் போலவே, தோல்வியை ஒப்பிய அவரும் பெருமைக்குரியவர்.

எனினும், எண்முகி அமைப்புக்கு ஐயத்திற்கிடமில்லாச் சான்று வேறொன்று எஞ்சியிருந்தது. இரு முனைகளாலும் உலோகத்தைப் பற்றும் எத்திலீன்டையமின் என்னும் மூலக்கூறுகள் இரண்டு, கோபால்ட்டைக் குறித்த முறையில் சூழ்ந்தால், காற்றாடியின் இறகுகள்போல் இடப்புறமாகவோ வலப்புறமாகவோ திரும்பி நிற்கும். அவ்வாறாயின், இடவல வடிவங்கள் இரண்டும் கிடைத்தல் வேண்டும். அவற்றைப் பிரிக்கப் பல ஆண்டுகள் முயன்றும் பயன் கிட்டவில்லை. இறுதியில் அமெரிக்க மாணவர் விக்டர் கிங், கற்பூரத்திலிருந்து பெற்ற அமிலம் ஒன்றை அச்சேர்மத்தோடு சேர்த்தார். அவ்வமிலம் ஒருபுறத் தன்மை மட்டுமே உடையது. வலக்கை உறை இரு கைகளையும் வேறுபடுத்திக் காட்டுவது போல, அது சேர்ந்த இரு வடிவங்களும் கரையும் அளவில் வேறுபட்டுத் தனித்தனியே படிந்தன. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அவற்றின் கரைசல்களில் செலுத்தியபோது, ஒன்று ஒளியின் தளத்தை வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் திருப்பிற்று. இஃது 1911-இல் நிகழ்ந்தது. 1913-இல் வேதியியலுக்குரிய நோபல் பரிசு வெர்னருக்கு வழங்கப்பட்டது.

அப்போதும் ஒரு மறுப்பு எழுந்தது. எத்திலீன்டையமினில் கார்பன் இருப்பதால், ஒளியைத் திருப்பும் ஆற்றல் எவ்வாறேனும் அக்கார்பனிலிருந்தே வந்திருக்கலாம் என்றனர் சிலர். பரிசு பெற்ற பின்னர் வாளாவிருத்தல் வெர்னருக்கு எளிதே. ஆயினும், அவர் அம்மறுப்பைப் புறக்கணியாது, கார்பனே இல்லாத சேர்மம் ஒன்றை மேற்கொண்டார். அதன் நடுவில் ஒரு கோபால்ட்; சுற்றிலும் மூன்று கோபால்ட்; அவற்றை இணைப்பவை ஆக்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூறுகள்; புறத்தே அம்மோனியா. எக்சால் எனப்படும் அச்சேர்மத்தை முதன்முதல் ஆக்கியவர் யோர்கென்சனே என்பது வியப்புக்குரியது. 1914-இல் வெர்னர் அதனை இடவலமாகப் பிரித்து, அதுவும் ஒளியின் தளத்தைத் திருப்புவதை மெய்ப்பித்தார். மறுப்புக்கு இடமின்றிப் போயிற்று.

கடும் உழைப்பாலும் மூளைக் குருதிக்குழாய்களைப் பற்றிய நோயாலும் நலிவுற்ற வெர்னர், 1919-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் சூரிச்சில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 52.

அவர் காட்டிய நெறி அவரோடு மறையவில்லை. சில பத்து அல்லது நூறு உலோக அணுக்கள் ஒன்றுகூடி அமையும் நானோ திரள்களைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்தனர். 2007-இல் அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழுவினர், 102 பொன் அணுக்கள் கொண்ட திரளின் அமைப்பை வெளியிட்டனர். அதன் படிகத்தில் இடவல வடிவங்கள் இரண்டும் கலந்திருந்தன. 2012-இல் வெர்னர் வாழ்ந்த சுவிட்சர்லாந்திலேயே, ஜெனீவா நகரத்து ஆய்வாளர்கள் 38 பொன் அணுக்கள் கொண்ட திரளை இடம் வேறு, வலம் வேறாகப் பிரித்தனர். அத்திரளைப் போர்த்திய கந்தக மூலக்கூறுகளுக்குத் தனித்தனியே இடவல வேறுபாடு இல்லை. அவை பொன்னின்மேல் சுழன்று நிற்கும் ஒழுங்கே அத்தன்மையைத் தந்தது.

இடவலத் தன்மை ஒரு தனிமத்தின் தனிச்சொத்து அன்று. அணுக்கள் நிற்கும் ஒழுங்கிலே பிறப்பது. ஓரிரவில் தோன்றிய கருத்தை உண்மையென நிலைநாட்ட வெர்னருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தம்மை மறுத்தவர் வினாக்களையே படிகளாகக் கொண்டு ஏறியமையால், அக்கருத்து இன்றளவும் அறிவியலுக்கு வழிகாட்டி நிற்கின்றது.